எட்டாம் எண்

காரைக்குடிச் சந்திப்பு, இரண்டாம் கவுண்டர்.
விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த நாற்காலி.
பல்லவனுக்கு டிக்கெட் அடித்துக்கொண்டிருக்கையில்
கைப்பேசி சொன்னது:
ஐல்சா கில்ரே ஓய்வு.
ஸ்காட்லாந்துக்கு எழுபத்து மூன்று ஆட்டம்,
கோல் ஐந்து.
வரிசையில் நின்ற புதுவயல் அரிசிக்காரருக்கு
இருபது ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டேன்.
அவர் எண்ணிப் பார்க்காமல் போய்விட்டார்.

எழுபத்து மூன்றில் ஒன்று
என் எதிரே ஆடியது.

என் கணக்கு: நான்கு ஆட்டம்.
சேர்த்தால் நூற்றுப் பதினேழு நிமிடம்.
கோல் கிடையாது.

நான் பழகியது கழனிவாசல் பொட்டலில்.
பந்தைத் தூக்கி அடித்தால்
பூட்டிய வீட்டு வளவுக்குள் விழும்.
சாவி கோலாலம்பூரில்.
இன்றைக்கும் எங்கள் பந்து மூன்று
ஆத்தங்குடித் தரையில் காற்றிறங்கிக் கிடக்கின்றன.
அதனால்தான் என் ஆட்டம் தரையோடு.
"மண்ணை விட்டுக் கிளம்பாத பாஸ்,
என்ன ஒரு நுட்பம்" என்று
பின்னாளில் ஒரு பயிற்சியாளர் வியந்தார்.
நுட்பமெல்லாம் இல்லை சார்.
நான்காவது பந்து வாங்கக் காசில்லை.

அந்த ஆட்டம் ஏதோ ஒரு தீவில்.
ஊசி மழை.
ஐம்பத்தாறாம் நிமிடம் பலகையைத் தூக்கினார்கள்,
உள்ளே வருவது எட்டு.
எதிரணியின் எட்டைப் பிடி,
அவ்வளவுதான் எனக்கு உத்தரவு.

மண்டபத்துக்காரி எங்கள் கோல்கீப்பர்.
அவள் பேரைக் கேட்டதும் விடவில்லை.
"ஐலசாவைப் பிடிடி, ஐலசா! ஐலசா!"
வலை இழுக்கிற குரல்
அந்த ஊர் மழைக்குள்.

எங்கே பிடிப்பது.
பந்து வருமுன்
இடத்தோளுக்கு மேல் ஒரு பார்வை,
வலத்தோளுக்கு மேல் ஒரு பார்வை,
மறுபடி இடம்.
நான் எங்கே நிற்கிறேன் என்பது
எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது.
ஒருமுறை எண்ணினேன்,
ஒரு பந்துக்கு ஏழு தடவை திரும்பினாள்.
எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்
கடந்து போய்விட்டாள்.

எண்பத்தொன்றில் நாங்கள் ஒன்று அடித்தோம்.
அடித்தவள் பேர் தாளில் ஏறியது.
கொடுத்தவள் பேர் ஏறியது.
கொடுத்தவளுக்குக் கொடுத்தவளுக்கு
அந்தத் தாளில் கட்டமே இல்லை.
நடுக்கோட்டில் நின்று
கட்டை விரலை உயர்த்திக் காட்டியது
ஐல்சா ஒருத்திதான்.
கோல் விழுந்தது அவள் வலையில்.

மூன்றுக்கு ஒன்று, தோல்வி.
சட்டை மாற்றிக்கொண்டோம்.
என் காலுறையைக் காட்டி முகம் சுளித்தாள்,
ரத்தமா என்று.
எத்தனை சோப்புக்கும் போகாத செம்மண் அது.
"இல்ல, ஊரு" என்றேன்.
தமிழில்தான் வந்தது.
தலையாட்டினாள்.

அப்புறம் அவளை இங்கிருந்தே பார்த்தேன்.
தலைவியானாள்.
பெனால்டி ஒன்றை வானத்துக்கு அடித்து
ஒரு நாட்டையே தூங்கவிடாமல் செய்தாள்.
வலது முழங்கால் கிழிந்து
பதினோரு மாதம் கழித்துத் திரும்பினாள்.

எனக்கும் வலதுதான். அதே வருடம்.
பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்
தேதி மூன்று முறை தள்ளிப்போனது.
நான்காம் முறை போனேன்.
ஓடலாம், திரும்பக் கூடாது என்றார்கள்.
திரும்பாமல் நடுக்களத்தில் என்ன செய்ய.

சொல்லக் கூடாது,
அவள் திரும்பி வந்த இரவு
எனக்கு வயிறு எரிந்தது.
வென்றதும்
எழுந்து நின்று கைதட்டினேன்.
இரண்டும் நடந்தது.

அவள் அலமாரியில்
ஆ. விண்ணரசி என்ற சட்டை இருக்குமா,
அந்தப் பேரை எப்படி உச்சரிப்பாள்,
தெரியாது.
அவளுடையது என்னிடம் இருக்கிறது.
தோள் அகலம். எனக்குப் பத்தாது என்பதில்லை,
எனக்கு அது மிச்சம்.

பணி முடிந்து வண்டியை எடுத்தேன்.
செக்காலை ரோட்டில் திரும்புமுன்
இடத்தோள், வலத்தோள், மறுபடி இடம்.
பின்னால் தேவகோட்டை பஸ்
ஆரனை அழுத்திக்கொண்டே நிற்கிறது.
நடத்துநர் தலையை நீட்டி,
"யம்மா, யாரைத்தான் தேடுற?"